தடைக்குக் கீழே எழுதியிருந்தது

பின்னல் ஊசியும் நூல்கண்டுமாகப் பொழுதைக் கழிப்பவர்களுக்கென்று ஓர் இணையதளம் உண்டு. பெயர் ராவெல்ரி. 2019 ஜூன் 23, ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தளம் தன் உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அதிபர் டொனால்ட் டிரம்பையோ அவருடைய நிர்வாகத்தையோ ஆதரிக்கும் எதற்கும் இனி இங்கே இடமில்லை. விவாதப் பதிவு, பின்னிய பொருளின் படம், விற்பனைக்கு வைத்த வடிவக் குறிப்பு, உறுப்பினரின் சுயவிவரப் பக்கம், எதுவானாலும் சரி. எல்லோரையும் அரவணைக்கும் இடமாகவும் இருந்துகொண்டு வெளிப்படையான வெள்ளை இனவெறிக்கு ஆதரவையும் அனுமதிக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஓரிரு நாளில் அது உலகச் செய்தியானது. அதில் பாதி கேலி. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு எதற்கு இந்த வேலை என்று ஒரு பக்கம். துணிச்சல் என்றால் இதுதான் என்ற கைதட்டல் இன்னொரு பக்கம். கருத்துச் சுதந்திரத்துக்குச் சாவு மணி அடித்துவிட்டார்கள் என்றவர்களும் உண்டு, இனவெறியர்களுக்கு நாற்காலி போட்டுத் தர வேண்டுமா என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் சண்டை போட்டது அறிவிப்பின் முதல் சில வரிகளை வைத்துத்தான். அதற்குக் கீழேயும் நிறைய எழுதியிருந்தது. இந்த விவகாரத்தின் உயிர் அந்தக் கீழ்வரிகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். அங்கே போவதற்கு முன் இந்த வீட்டைக் கொஞ்சம் சுற்றிப் பார்த்துவிடலாம்.

ராவெல்ரியை 2007-இல் தொடங்கியவர்கள் ஜெசிகா ஃபோர்ப்ஸ், கேசிடி ஃபோர்ப்ஸ் என்ற பாஸ்டன் தம்பதி. ஜெசிகாவுக்குப் பின்னலில் பித்து. கேசிடிக்கு நிரல் எழுதுவது தொழில். எந்த நூலில் எந்த ஸ்வெட்டர் நன்றாக வரும் என்று தெரிந்துகொள்ள நூறு வலைப்பதிவுகளைத் துழாவ வேண்டியிருக்கிறதே என்ற ஜெசிகாவின் சலிப்பில் பிறந்தது தளம். தொடக்க மாதங்களில் உள்ளே நுழையவே பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. தம்பதியின் நாய் பாப் தளத்தின் செல்லச் சின்னமானது. 2019-இல் உறுப்பினர்கள் 80 லட்சத்துக்கும் மேல். நடத்தியவர்களோ ஒரு சின்ன வேனில் அடங்கிவிடுவார்கள்.

உள்ளே போனால் தெரியும், இது அரட்டை அடிக்கும் இடம் மட்டும் இல்லையென்று. ஒருவர் குழந்தைத் தொப்பி ஒன்று பின்னினால் அதற்கென்று தனிப் பக்கம் திறக்கிறார். யாருடைய வடிவக் குறிப்பு, எந்தக் கம்பெனி நூல், என்ன நிறம், எந்தச் சாயத் தொகுதி, ஊசி எத்தனை மில்லிமீட்டர், எத்தனையாவது வரிசையில் பிசகியது, பிரித்துவிட்டு எப்படிச் சரிசெய்தார் என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கிறார். 'கைப்பகுதி சொன்னதைவிட இரண்டு அங்குலம் நீளமாக வருகிறது, எட்டு வரிசை முன்னாலேயே நிறுத்திவிடுங்கள்' என்கிற மாதிரி ஒரு குறிப்பு பின்னால் வருகிற ஆயிரம் பேரைக் காப்பாற்றும். அலமாரியில் வாங்கிப் போட்ட நூலுக்கும் கணக்கு உண்டு. காசு கொடுத்து வாங்கிய வடிவக் குறிப்புகள் தனி நூலகமாகச் சேர்ந்திருக்கும். பத்து வருட உறுப்பினர் ஒருவருக்கு இது கைவேலையின் நாட்குறிப்பு. இங்கிருந்து ஒருவரை வெளியே போகச் சொல்வது ட்விட்டர் கணக்கை முடக்குவதைப் போன்ற காரியம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நூலில் ஏது அரசியல்?

நூலுக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் உரிமை உலகத்தில் யாருக்கு இருந்தாலும் நமக்குக் கிடையாது. கொடியில் இராட்டையை வைத்துப் போராடிய ஊர் இது.

அமெரிக்காவிலும் அப்படித்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் 'கே2, பி2' என்று எழுத்தும் எண்ணுமாக நீளும் பின்னல் குறிப்புகளுக்குள் சங்கேதச் செய்தி ஒளிந்திருக்குமோ என்று அஞ்சல் தணிக்கையாளர்கள் சந்தேகப்பட்டார்கள். 2017 ஜனவரி 21-இல் டிரம்ப் பதவியேற்ற மறுநாள் வாஷிங்டனில் நடந்த பெண்கள் பேரணியில், பூனைக்காது வைத்த இளஞ்சிவப்புத் தொப்பிகள் கடல்போல் தெரிந்தன. கிறிஸ்டா சூ, ஜெய்னா ஸ்வைமன் என்ற இருவர் தொடங்கிய முயற்சி அது. தொப்பியின் வடிவக் குறிப்பு இலவசமாகக் கைமாறியது, ராவெல்ரி வழியாகவும். தளத்தில் அப்போது யாரும் அதை அரசியல் என்று சொல்லி நீக்கவில்லை.

ஆகவே, எல்லை மதில் கட்டச் சொல்லும் வாசகத்தோடு டிரம்ப் ஆதரவுத் தொப்பி ஒன்றின் வடிவக் குறிப்பு வந்து நின்றபோது, நியாயமான கேள்வி ஒன்று எழுந்தது. அந்தத் தொப்பி இருக்கலாம், இந்தத் தொப்பி கூடாதா? மதில் என்பது மெக்சிகோ எல்லையில் டிரம்ப் கட்டுவதாக வாக்களித்த மதில். லத்தீன் அமெரிக்க வம்சாவளி உறுப்பினர் ஒருவருக்கு அந்தத் தொப்பி, 'உன்னை இங்கே வேண்டாம்' என்கிறது. பூனைக்காதுத் தொப்பி யாரையும் வீட்டைவிட்டுப் போகச் சொல்லவில்லை. வித்தியாசம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் மதில் தொப்பியைப் பின்னியவருக்கு அப்படித் தெரிந்திருக்காது. தனக்குப் பிடித்த வேட்பாளரின் கோஷத்தைத் தலையில் போட்டுக்கொள்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

இந்த மாதிரிச் சிக்கல் வரும்போது பொழுதுபோக்குக் குழுக்கள் முதலில் ஓடி ஒளியும் மூலை, 'இங்கே அரசியல் வேண்டாம்' என்ற விதி. அதைக் கேட்பவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு, அல்லது படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு, அரை மணி நேரம் நூலைப் பற்றி மட்டும் பேச வருகிறவருக்குத் தேர்தல் சண்டை எதற்கு? ஆனால் விதியை எழுத உட்கார்ந்தால் கை ஓடாது. இரண்டு பெண்கள் தங்கள் திருமணத்துக்குப் பின்னிய சால்வையின் படம் அரசியலா? வானவில் நிறப் போர்வை? ராணுவத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்பிய தொப்பி? ஒருவருடைய அன்றாட வாழ்க்கையே இன்னொருவர் கண்ணுக்கு அரசியலாகத் தெரியும். 'அரசியல் வேண்டாம்' என்ற விதி பெரும்பான்மையின் வழக்கத்தை இயல்பு என்றும் மற்றதையெல்லாம் அரசியல் என்றும் பிரித்துவிடும். பெரும்பாலும் பிரிக்கிறோம் என்று தெரியாமலேயே.

2019 ஜனவரியில் இது இன்னொரு கோணத்தில் வெடித்தது. இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. அமெரிக்கப் பின்னல் பதிவர் ஒருவர் இந்தியாவுக்குச் சுற்றுலா போகப்போகும் பரவசத்தை எழுதினார். செவ்வாய்க் கிரகத்துக்கு இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது என்ற பொருளில். நாம் படித்தால் சிரித்துவிட்டுப் போவோம். அங்கே இந்திய வம்சாவளியினரும் மற்ற நிறத்தவரும் சிரிக்கவில்லை. எங்கள் பாட்டி ஊர் உங்களுக்கு வேற்றுக் கிரகமா என்று கேட்டார்கள். பேச்சு இன்ஸ்டாகிராமுக்குப் பரவி, நூல்கடைக்குள் நுழைந்தாலே திருட வந்தவளைப் பார்ப்பதுபோலப் பின்தொடர்வார்கள் என்று கறுப்பினப் பெண்கள் அனுபவங்களை எழுதத் தொடங்கினார்கள். பதிவர் மன்னிப்புக் கேட்டார். அவரை வறுத்தெடுத்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு கூட்டம் கோபப்பட்டது. ஜூன் மாத அறிவிப்பு வானத்திலிருந்து விழவில்லை. ஆறு மாதமாகக் கொதித்துக்கொண்டிருந்த அடுப்பு அது.

வீட்டுக்காரரின் உரிமை

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் அரசாங்கத்தின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் இணையதளம் தன் வாசலில் எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்பதில் அது தலையிடாது. ராவெல்ரி செய்தது சட்டவிரோதம் என்று எழுதியவர்கள் சட்டத்தைப் படிக்கவில்லை.

இந்த உரிமை உறுதிப்பட்ட கதை சுவாரஸ்யமானது. 1994-இல் பிராடிஜி என்ற கணினிச் சேவையின் 'மணி டாக்' பலகையில், ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று முகம் தெரியாத ஒருவர் எழுதிவிட்டார். நிறுவனம் வழக்குப் போட்டது. பிராடிஜி தன் பலகைகளில் ஆபாசத்தையும் வசையையும் நீக்கிவந்த நல்ல பிள்ளை. அதுவே வினையானது. நீக்கும் அதிகாரம் உங்களிடம் இருப்பதால் நீங்கள் பதிப்பாளர். ஆகவே மிச்சமிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் நீங்களே பொறுப்பு என்றது நியூயார்க் நீதிமன்றம், 1995-இல். எதையுமே கண்டுகொள்ளாமல் விட்ட கம்ப்யூசர்வ் நிறுவனம் 1991-இல் இதே போன்ற வழக்கிலிருந்து தப்பியிருந்தது. அதாவது வீட்டைப் பெருக்கினால் தண்டனை, குப்பையாக விட்டால் விடுதலை. இந்தக் கோணலைச் சரிசெய்யத்தான் கிறிஸ் காக்ஸ், ரான் வைடன் என்ற எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் சேர்ந்து 1996-இல் புகழ்பெற்ற 230-ஆம் பிரிவைக் கொண்டுவந்தார்கள். நல்லெண்ணத்தோடு நீக்கலாம், நீக்காததற்காக மாட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்பது அதன் சாரம். (ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் உண்மையிலேயே மோசடி நிறுவனம்தான் என்பது பின்னால் நிரூபணமானது. 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.)

ஆனால் உரிமை இருக்கிறது என்பதாலேயே செய்தது சரி என்றாகிவிடாது. ராவெல்ரி உறுப்பினர்களுக்கே இந்தப் பாடம் 2012-இல் கிடைத்திருந்தது. லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி அவர்கள் 'ராவெலிம்பிக்ஸ்' என்ற விளையாட்டுப் போட்டியை நடத்தத் தயாரானார்கள். போர்வை மாரத்தான், மப்ளர் ஹாக்கி, ஸ்வெட்டர் டிரையத்லான் என்று வேடிக்கையான பெயர்கள். தொலைக்காட்சியில் ஒலிம்பிக் பார்த்துக்கொண்டே பின்னி முடிப்பதுதான் போட்டி. அமெரிக்க ஒலிம்பிக் குழு வக்கீல் கடிதம் அனுப்பியது. பெயர் எங்கள் சொத்து என்பதோடு நிறுத்தியிருக்கலாம். இது ஒலிம்பிக்கின் மேன்மையைச் சிறுமைப்படுத்துகிறது, வீரர்களை அவமதிக்கிறது என்றும் எழுதிவிட்டார்கள். பின்னலாளர்கள் ட்விட்டரில் குவிந்தார்கள். குழு மன்னிப்புக் கேட்டது. கேட்ட கையோடு, எங்கள் வீரர்களுக்குக் கைப்பின்னல் பொருள் ஏதாவது அனுப்புங்களேன் என்று சேர்த்தது. தீ இன்னும் பற்றியது. இரண்டாவது முறையும் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. போட்டியின் பெயர் கடைசியில் 'ராவெலெனிக்' என்று மாறியது. சட்டப்படி ஒலிம்பிக் குழுவின் பக்கம் பலம் இருந்தது. மரியாதை போனது கடிதத்தின் தொனியால்.

குப்பை அள்ளுவது யார்?

பேச்சுரிமை விவாதங்களில் எப்போதும் காணாமல் போகும் ஆள் ஒருவர் உண்டு. புகார்களைப் படிக்கிறவர். மாடரேட்டர் என்று ஊரில் சொல்வதை இணையத் தமிழில் மட்டுறுத்துநர் என்று இருபது வருடமாக எழுதிவருகிறோம். இவர்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவு சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, முன்பின் தெரியாத இருவரின் சண்டையைப் பக்கம் பக்கமாகப் படித்து, யார் முதலில் வரம்பு மீறினார் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். யாருக்குச் சாதகமாகச் சொன்னாலும் மற்றவரிடம் வசை நிச்சயம்.

ரெடிட் தளத்தில் இப்படி இலவசமாக நடக்கும் உழைப்பின் மதிப்பு ஆண்டுக்குக் குறைந்தது 34 லட்சம் டாலர் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அந்த உழைப்பாளிகள் வேலைநிறுத்தமே செய்தார்கள். வெளியார் செயலிகளுக்கு ரெடிட் விதித்த புதுக் கட்டணத்தை எதிர்த்து, ஆயிரக்கணக்கான குழுக்கள் கதவைச் சாத்தின. நிறுவனம் மிரட்டியதும் சில குழுக்கள் திறந்தன, ஒரு குசும்போடு. படங்களுக்கான மிகப்பெரிய குழு ஒன்று, இனி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவரின் படத்தை மட்டும்தான் போடலாம் என்று வாக்கெடுத்து விதி வைத்தது.

மட்டுறுத்தலே வேண்டாம், பிடிக்காதவர் படிக்காமல் போகட்டும் என்ற யோசனையும் பழையதுதான். யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் குழுக்களின் காலத்தில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு குழு இருந்தது. மட்டுறுத்துநர் கிடையாது. அருவருப்பான நகைச்சுவைக்கென்றே இருந்த வேறொரு குழுவின் ஆட்கள் 1993-இல் அங்கே படையெடுத்தார்கள். பூனையை என்னென்ன கொடுமை செய்யலாம் என்று ஆலோசனை கேட்பதுபோல் பதிவுகள் போட்டுப் பூனைப் பிரியர்களைக் கதறவைத்தார்கள். இன்னாருடைய பதிவைக் காட்டாதே என்று அவரவர் கணினிக்குச் சொல்லிவைக்கும் பட்டியல் ஒன்றுதான் அன்றைக்கு இருந்த கேடயம். பழைய ஆட்கள் அதை வைத்துச் சமாளித்தார்கள். பூனைக்கு வயிற்றுப்போக்கு என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே வந்தவரிடம் அந்தப் பட்டியல் ஏது? சுதந்திரம் முழுசாக இருந்த இடத்தில் பூனையைப் பற்றிப் பேச முடியவில்லை.

ராவெல்ரிக்கு இதில் ஒரு நல்ல கைப்பழக்கம் இருந்தது. அங்கே விவாதப் பதிவு ஒவ்வொன்றுக்கும் கீழே ஆறு பொத்தான்கள். பயனுள்ளது, சுவையானது, வேடிக்கை, உடன்படுகிறேன், உடன்படவில்லை, நேசிக்கிறேன். இதில் ஐந்தாவதுதான் விசேஷம். எதிர்ப்பைச் சொல்ல ஒரு பத்தி எழுத வேண்டியதில்லை. அழுத்திவிட்டுப் போகலாம். எண்ணிக்கை தெரியும், சண்டை வளராது. பெரிய சமூக ஊடகங்கள் 'லைக்' ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு, பிடிக்காதவரைப் பதில் எழுதவைத்துக் காசு பார்த்தபோது, இந்தச் சின்ன ஆட்கள் மறுப்புக்கும் ஒரு வாசல் வைத்திருந்தார்கள்.

பொத்தான் எல்லாவற்றையும் தாங்காது. 2016 தேர்தலுக்குப் பிறகு பல குழுக்களில் சண்டையும் புகார்களும் பெருகின. கதாபாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்காரர்களின் ஆர்பிஜி.நெட் என்ற தளம் 2018 அக்டோபரில் டிரம்ப் ஆதரவுப் பேச்சைத் தடை செய்தது. ராவெல்ரி தன் விதியை அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது, அதை வெளிப்படையாகச் சொல்லியும் இருந்தது. ஒரு மனிதரின் பெயரை ஏன் விதியில் எழுதினார்கள் என்பதற்கு எனக்குத் தோன்றும் விடை இது. 'வெறுப்புப் பேச்சு கூடாது' என்று எழுதினால், ஒவ்வொரு புகாரிலும் எது வெறுப்பு என்று வாதாட வேண்டும். நான்கைந்து பேரால் ஆகிற காரியமா? பெயரை எழுதிவிட்டால் கேள்வி சுருங்கிவிடும். இந்தத் தொப்பியில் அவர் பெயர் இருக்கிறதா, இல்லையா? இலட்சியத்தைவிடக் களைப்புதான் பல விதிகளைப் பெற்றெடுக்கிறது.

காரணம் புரிகிறது, விதி எனக்கு உடன்பாடில்லை. 2016-இல் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 6.3 கோடிப் பேர். வரி குறையும் என்று போட்டவரும், கருக்கலைப்பை எதிர்த்துப் போட்டவரும், நிற வெறியில் போட்டவரும் அதில் கலந்திருப்பார்கள். மதில் தொப்பியை நீக்க, 'உறுப்பினர்களில் ஒரு சாராரை வெளியேறச் சொல்லும் பொருள்களுக்கு இடமில்லை' என்ற விதி போதும். அதைப் போடுபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் பிடிபடுவார். பெயரை வைத்து எழுதிய விதிக்கு ஆயுளும் குறைவு, அதே விஷத்தை வேறு பெயரில் கொண்டுவருபவரை அது விட்டுவிடவும் செய்யும். அந்தப் புகார்க் குவியலை நான் படிக்க வேண்டியிருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

சின்ன எழுத்துகள்

இப்போது கீழ்வரிகள்.

டிரம்பை ஆதரிப்பவர்கள் உறுப்பினராகத் தொடரலாம், அந்த ஆதரவை இங்கே பேசக்கூடாது, அவ்வளவே என்று எழுதியிருந்தது. ஜனநாயகக் கட்சியை நாங்கள் ஆதரிக்கவில்லை, குடியரசுக் கட்சியையோ பழமைவாத அரசியலையோ தடைசெய்யவும் இல்லை என்று இருந்தது. அதற்கடுத்தது இன்னும் நுட்பம். வாய் திறக்காமல் இருக்கும் பழமைவாத உறுப்பினரை, அவர் சொல்லாத கருத்துக்காகச் சீண்டுவதும், விதியை மீறவைக்க வலை விரிப்பதும் கூடாது. தடையை ஆயுதமாக்கி ஆள் பிடிக்கக் கிளம்பும் சொந்தக் கட்சிக்காரர்களைத் தடுக்கும் வரி இது. வெற்றி பெற்ற பக்கத்துக்குக் கடிவாளம் போடும் விதியை வெற்றி நாளன்றே எழுதுகிறவர்கள் குறைவு.

பிறகு ஒரு நேரம் குறித்திருந்தார்கள். விவாதப் பதிவுகளைப் பொறுத்தவரை, ஜூன் 23 ஞாயிறு, கிழக்கு அமெரிக்க நேரப்படி காலை 8 மணிக்குப் பின் எழுதியவை மட்டுமே கணக்கில் வரும். நேற்று குற்றமாக இல்லாததை இன்று குற்றமாக்கித் தண்டிப்பதில்லை. நீதிமன்றங்கள் நூற்றாண்டுகளாகக் கற்ற பாடம் இது. 2014-இல் எழுதிய ட்வீட்டைத் தோண்டி 2019-இல் வேலையைப் பறிக்கும் காலத்தில், நூல்கண்டுக்காரர்கள் மணிக்கணக்கு வைத்திருந்தார்கள்.

மிச்சமும் அப்படியே. விதியை மீறிய வடிவக் குறிப்பு அழிக்கப்படாது, வடிவமைத்தவரின் வரைவுப் பெட்டிக்குத் திரும்பும். மீறிய பின்னல் பக்கம் மற்றவர் கண்ணிலிருந்து மறையும், பின்னியவரிடம் இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் உங்கள் பின்னல் தகவல்களை அழிக்க மாட்டோம். நிரந்தரமாக நீக்கப்பட்டாலும் காசு கொடுத்து வாங்கிய வடிவக் குறிப்புகளை எடுத்துக்கொள்ளலாம், உங்கள் தகவல்களின் பிரதி உங்களுக்கு வந்து சேரும்.

அந்த நாட்குறிப்பு நினைவிருக்கிறதா? சாயத் தொகுதியும் ஊசி அளவும் பிசகிய வரிசையுமாகப் பத்து வருடம். ஒருவருடைய பேச்சை நிறுத்தும் அதிகாரத்தையும் அவர் உழைப்பைப் பறிக்கும் அதிகாரத்தையும் இந்த விதி தனித்தனியே பிரித்துவைத்தது. பத்திரிகைகளில் இது செய்தியாகவே இல்லை. தங்களுக்கு உடன்பாடில்லாத விதியின் கீழ் வாழ வேண்டியவருக்கு இதுதான் பெரிய செய்தி.

விதியை எழுதி வாசலில் ஒட்டுவதற்குப் பலன் உண்டா என்பதை நேதன் மத்தியாஸ் என்ற ஆய்வாளர் ரெடிட்டின் அறிவியல் குழுவில் சோதித்துப் பார்த்தார். முடிவு 2019-இல் வெளியானது. விவாதத்தின் உச்சியிலேயே விதிகளைக் காட்டியபோது புதியவர்கள் விதிக்கு உட்பட்டு எழுதும் வாய்ப்பு 8 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் கூடியது. எதிர்பாராதது இன்னொன்று: எழுத வந்த புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் உயர்ந்தது. விதி ஆட்களை விரட்டும் என்பார்கள். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல் வாசலில் தயங்கி நின்றவர்களை அது அழைத்துவந்திருக்கிறது.

ஒரு வருடம் கழித்து

அறிவிப்புக்குப் பின் சிலர் வெளியேறினார்கள், தங்கள் வடிவக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு. சிலர் இதற்காகவே வந்து சேர்ந்தார்கள். தளம் உடைந்துவிடும் என்றவர்களின் ஜோசியம் பலிக்கவில்லை.

உடைந்தது 2020 ஜூனில், நிறத்தால். தளத்தின் தோற்றத்தை முழுசாக மாற்றினார்கள். பளீரென்ற வெண்மை, அழுத்தமான கோடுகள், நிழல்கள். பார்த்தால் ஒற்றைத் தலைவலி வருகிறது, குமட்டுகிறது என்று புகார்கள் குவிந்தன; வலிப்பு வந்ததாகவும் சிலர் எழுதினார்கள். இதைப் பற்றிப் பேசும் பதிவுகள் நீக்கப்படுகின்றன, விவாத இழைகள் மூடப்படுகின்றன என்று உறுப்பினர்கள் மற்ற சமூக ஊடகங்களில் போய்க் குற்றம்சாட்டினார்கள். ஒரு வருடத்துக்கு முன் அரவணைப்பு என்று பாராட்டியவர்களில் பலர், ஊனமுற்றோருக்கு அந்த அரவணைப்பு எங்கே என்று கேட்டார்கள். பழைய தோற்றத்தைச் சில மாதங்கள் மாற்றாக வைத்திருந்து, 2021-இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

என் கண்ணுக்கு இது 2019-ஐவிடப் பெரிய சோதனை. வெளியே இருக்கும் அதிபரைப் பற்றிய பேச்சை அடக்குவதா என்பது கொள்கைச் சண்டை. அதில் நிர்வாகத்துக்குச் சொந்தக் காயம் இல்லை. வீட்டுக்காரர் மாதக்கணக்கில் கண்விழித்துச் செய்த வேலையை விருந்தாளி குறைசொல்லும்போது என்ன செய்கிறார் என்பதில்தான் அவருடைய பேச்சுரிமைப் பற்று தெரியும். முதல் சம்பவத்தில் நாளும் மணியும் குறித்து விதி எழுதி, பிறகு நீக்கினார்கள். இரண்டாவதில் அப்படி எதுவும் முன்கூட்டி எழுதப்படவில்லை. அதனால் மூடப்பட்ட ஒவ்வோர் இழையும், நியாயமான காரணம் இருந்தாலும்கூட, கோபத்தில் மூடியதாகவே தெரிந்தது.

நீதிமன்றத்துக்குப் போகவும் வழியில்லை. பெரிய தளங்கள் கருத்துகளை நீக்குவதைக் கட்டுப்படுத்த டெக்சாஸ் மாநிலம் 2021-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மாதம் 5 கோடி அமெரிக்கப் பயனாளர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்குத்தான் அது பொருந்தும். எதைக் காட்டுவது, எதைத் தவிர்ப்பது என்று தளம் தேர்ந்தெடுப்பதும் கருத்து வெளிப்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. பின்னல்காரர்கள், பூனை வளர்ப்பவர்கள், அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் எல்லாம் தங்கள் பஞ்சாயத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட குழுக்களின் விதிப் பட்டியலில் ஒரு வரியை முதலாவதாகச் சேர்க்கச் சொல்வேன். நிர்வாகத்தைக் குறைசொல்லும் இழையை நிர்வாகம் மூடக்கூடாது. வசை வந்தால் அந்த வசையை மட்டும் எடுக்கட்டும், எடுத்த இடத்தில் காரணத்தை எழுதட்டும், அதையும் நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் செய்யட்டும். யாரும் மனமுவந்து எழுதிவிட மாட்டார்கள் என்பதும் தெரிந்ததே. அந்த இழை நூறு பக்கம் போகும். அதை ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து படிக்கப்போகிறவருக்கு யாரும் ஒரு காசு தரப்போவதில்லை.